முன்னால் வந்து அடித்த ரம்

சவரிமுத்து போய்விட்டார் என்ற செய்தி சென்ற வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. அவருடைய மகள் மரியா பேசினாள்.

"அம்மா, அப்பா போயிட்டாருங்க. கஞ்சி குடிச்சாரு. உப்பு கூடிப்போச்சுன்னு என்னைய ஏசினாரு. ஏசிக்கிட்டிருக்கப்பவே தலை சாஞ்சிருச்சுங்க."

கடைசி வார்த்தையும் ஏச்சாகவே இருந்ததில் எனக்கு ஓர் ஆறுதல். அன்று பின்னேரமே கோயில் வாசலில் மரண அறிவித்தல் ஒட்டினார்கள். "சாந்த சொரூபி, பொறுமையின் சிகரம்" என்று அதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். அப்படியேதான் இருந்தது. நேரே பங்குத் தந்தையிடம் போய், இதை எடுங்கள் என்றேன். இறந்தவரைப் பற்றி நல்லதுதானே எழுத வேண்டும் என்றார். நல்லதை எழுதுங்கள், பொய்யை எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் மீது அவர் ஏதாவதொன்றை வீசியிருப்பார். மீதிப் பேர் விலகி நின்று தப்பியிருப்பீர்கள். ஆகவே அவருடைய சாந்தத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். என் கணவர் குணரத்தினம் அங்கே டிஸ்பென்சராக இருந்தார். காய்ச்சலோ வெட்டுக்காயமோ, லயக் குடியிருப்புச் சனங்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள், டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். சவரிமுத்து அதே தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைந்தது முதல் தேயிலையாகிப் பெட்டியில் அடைபடும்வரை அவர்தான் பொறுப்பு. ஒருநாள் தன் உதவியாளரைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் மருந்துச்சாலைக்கு வந்தார். உதவியாளரின் புருவம் பிளந்து முகமெல்லாம் இரத்தம். தேயிலை தீய்ந்துவிட்டதா என்று கேட்டதற்கு "கொஞ்சந்தாங்க" என்று பதில் சொன்னாராம். சவரிமுத்து கையிலிருந்த பீங்கான் கோப்பையை வீசிவிட்டார். என் கணவர் தையல் போடும்போதும் ஏச்சு நிற்கவில்லை.

"தேயிலையில 'கொஞ்சம்'னு ஒண்ணு இல்லடா. தீஞ்சது தீஞ்சதுதான். அத மொதல்லயே சொல்லியிருந்தா கோப்பையும் மிச்சம், ஒன் மூஞ்சியும் மிச்சம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "இது மிருகத்தனம்" என்றேன்.

"ஆமாங்கம்மா, மிருகந்தான். ஆனா நான் அடிச்சத நானேதானே தூக்கிட்டு வந்திருக்கேன்?" என்றார்.

அந்தப் பதிலை நான் அன்று ஏற்றுக்கொள்ளவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். அடித்துவிட்டுத் தூக்கிவருவதை நற்பண்பு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் அடித்துவிட்டு ஒளிந்துகொள்கிறவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குப் போகப்போகத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவர் ஓய்வு பெற்றார். அவருடைய நாக்கு ஓய்வு பெறவில்லை. பெரகல சந்தியில் மதுக்கடை வைத்திருந்த நல்லதம்பி முதலாளி, மூடிப்போன ஒரு வடிசாலையின் ஏலத்தில் ஒரு பீப்பாய் ரம் எடுத்திருந்தார். ஹல்மில்ல மரப் பீப்பாயில் பன்னிரண்டு வருடம் கிடந்த ரம் என்று சொல்லி விற்றார்களாம். அது உண்மையா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சவரிமுத்துவைக் கேட்டார். வெயில் படாத, சமையல் வாசனை வராத அறை வேண்டும் என்று சவரிமுத்து சொன்னதால், எங்கள் வீட்டு முன்னறை தெரிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. என் கணவர் சம்மதித்துவிட்டு வந்து சொன்னார்.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். சவரிமுத்து முதல்நாள் முழுவதும் மிளகாய் தொடாமல் தயிரும் சோறும் சாப்பிட்டிருந்தார். அறைக்குள் வந்ததும் மூக்கை உயர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அந்தப் பூவை வெளியில வச்சிட்டு வந்துருங்க. பவுடரும் போட்டிருக்கீங்க. மூஞ்சியக் கழுவிட்டா நல்லது."

என் வீட்டில், என் கதிரையில் இருந்த என்னிடம் இப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் கணவர் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் முகம் கழுவிவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தேன்.

தேயிலையை ருசி பார்ப்பதுபோலவேதான் ரம்மையும் பார்த்தார். முதலில் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மணந்தார். பிறகு கொதித்தாறிய தண்ணீரைச் சரிபாதி கலந்து, கரண்டியால் அள்ளி, உர்ரென்று சத்தம் எழ உறிஞ்சினார். வாய்க்குள் இரண்டு சுற்று உருட்டினார். காலடியில் வைத்திருந்த நீண்ட தகரச் சட்டிக்குள் துப்பினார். டீமேக்கர்கள் விழுங்குவதில்லை. ஒருநாளில் ஐம்பது அறுபது கோப்பை பார்க்கிறவர்கள் விழுங்கினால் என்னாவது? நல்லதென்றாலும் துப்பு, கெட்டதென்றாலும் துப்பு. அதுதான் அவர்கள் பழக்கம். அவர் பிறந்தநாள் பாயசத்தைத் துப்பியதையும் நான் பார்த்திருக்கிறேன். இதை மறந்துவிடாதீர்கள். ஐந்து பேர் செத்தது இந்தப் பழக்கத்தால்தான்.

அன்று மூன்று தரம் உறிஞ்சித் துப்பினார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"எப்படி?" என்றார் முதலாளி.

"அடிக்குதுங்க."

"அடிக்குதா?"

"முரட்டு ரம்மு. வாயில வச்சதும் கன்னத்துல அறையுது. கரும்புப் பாணிய அடி பிடிக்கக் காய்ச்சின மணம். பின்னாலயே மரம், காஞ்ச தோடம்பழத் தோலு, கொஞ்சம் போயிலை. நல்ல உடம்பு இருக்கு. அறைஞ்சிட்டு ஓடிப்போவல, அங்கேயே நிக்கிது. பயப்படாதீங்க. இது முன்னால வந்து அடிக்கிற ரம்மு. முதுகுல குத்துறதில்ல."

முதலாளி பேனாவை எடுத்தார். சவரிமுத்து கையெழுத்திட மறுத்துவிட்டார். கிளாஸில் மிச்சமிருந்ததைக் கொட்டி, வெறுங் கிளாஸை என் அலுமாரி மேல் வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தார்.

"இன்னும் என்னய்யா பாக்க இருக்கு?" என்று எரிந்து விழுந்தார் முதலாளி.

"நெறஞ்ச கிளாஸ் வாயாடுமுங்க. வெறுங் கிளாஸ்தான் உள்ளதச் சொல்லும். இன்னிக்கி உங்க முன்னால நல்லா நடிச்சிருக்கும். ஆள் இல்லாதப்ப எப்படி இருந்துச்சின்னு பாக்க வேணாமா?"

மறுநாள் காலை வந்து, காய்ந்த கிளாஸை மணந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். நான் மதுவைத் தொடாதவள். ஆனாலும் மணந்தேன். பாணியும் மரமும் புகையிலையும், சாத்திக் கிடந்த பழைய பெட்டியைத் திறந்ததுபோல் மெதுவாக எழுந்து வந்தன. அதற்குப் பிறகுதான் கையெழுத்திட்டார். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியை எடுத்துவைப்பார்கள். அதேபோல ரம்மிலும் எடுத்து, மண்ணிற மருந்துப் போத்தலில் அடைத்து, சிவப்பு அரக்கு உருக்கி முத்திரையிட்டார். கழுத்தில் ஓர் அட்டை கட்டினார். "இந்த ஒரு பீப்பாய்க்கு மட்டும்" என்று எழுதி, அவரும் முதலாளியும் சாட்சியாக என் கணவரும் ஒப்பமிட்டார்கள். போத்தலை என் கணவரின் மருந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தன் வீட்டில் வைத்தால் மச்சான் முத்திரையோடு விழுங்கிவிடுவான் என்றார் சவரிமுத்து.

ஆறு மாதத்தில் பெரகல கடையில் ஒவ்வொரு ரம் போத்தலிலும் "டீமேக்கர் சவரிமுத்து ருசி பார்த்துத் தெரிவு செய்தது" என்று ஒட்டியிருந்தது. ஒரு பீப்பாய் அத்தனை நாள் வற்றாது என்று நம்ப எவருக்கும் பைத்தியமில்லை. ஆனால் எவரும் கேட்கவில்லை. சவரிமுத்து மட்டும் போய்க் கேட்டார். முதலாளி சிரித்துவிட்டு, உங்க பேரு வளருதேய்யா என்றாராம். இவர் தட்டிலிருந்த நாலைந்து போத்தல்களை நடுத்தெருவில் போட்டுடைத்தார். கடைப் பையன்கள் இவரை ஓடைவரை அடித்து விரட்டினார்கள்.

அதன் பிறகு வந்தது அந்தக் கல்யாணம். எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் தலைமைக் கிளாக்கருடைய மகனுக்கு. பந்தலில் சாப்பாடு. வீட்டின் பின்னால் தறப்பாள் கட்டி ஆண்களுக்குக் குடி. ரம் முதலாளியின் கடையிலிருந்து வந்தது. பரிமாறியதும் அவருடைய ஆட்கள். நண்பகல் வேளை. நான் சமையற்கட்டின் பின்வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

சவரிமுத்துவின் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். மணந்தார். முகம் மாறியது. சந்தேகம் தீர ஒரு துளியை நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். தரையில், மாப்பிள்ளையின் தாய்மாமனுடைய செருப்பருகே.

"யாரும் குடிக்காதீங்க! இது ரம்மு இல்ல. சீனியக் கருக்கி ஊத்தியிருக்கானுங்க. உள்ளுக்குள்ள ஸ்பிரிட்டு நாறுது. கீழ வைங்க!"

"கல்யாண வீட்டுல வந்து துப்புறியா?" என்று மாமன் எழும்பினார்.

அப்போது என் கணவர் சிரித்தார். அவருடைய கையில் கிளாஸ் நிறைந்திருந்தது. "விடுங்கோ ஐயா, உவர் எதையும் துப்பிற ஆள். பூசையில சுவாமியார் தாற திராட்சை இரசத்தையும் துப்புவார்" என்றார். தறப்பாளின் கீழ் எல்லோரும் சிரித்தார்கள். சண்டையைத் தணிக்கத்தான் அதைச் சொன்னார். நண்பரைக் காப்பாற்றத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சிரித்தபடியே, சட்டையிலும் கொஞ்சம் சிந்த, அந்தக் கிளாஸைக் குடித்தார்.

சவரிமுத்து பாய்ந்து அவருடைய கையைத் தட்டினார். கிளாஸ் பறந்து உடைந்தது. அது வெறுங் கிளாஸ். பரிமாறியவர்கள் சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் விறகுக் கட்டையால் தாடையில் அடித்தான். விழுந்தவரை மாமனும் உறவினர்களும் மிதித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வாயோடும் "குடிக்காதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அது சொல்லாக வரவில்லை, இரத்தமாக வந்தது. அவரை இழுத்துப்போய்த் தெருவில் போட்டுவிட்டு வந்து, மிச்சத்தை ஊற்றிக் குடித்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டேயிருந்தார்.

மறுநாள் காலை நல்ல வெயில். என் கணவர் கட்டிலில் எழுந்திருந்து, "பனி இறங்கிட்டுதோ? யன்னலைச் சாத்தும்" என்றார்.

"பனி இல்லை. வெயில் எறிக்குது" என்றேன்.

அவர் டிஸ்பென்சர். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு கையையும் முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தார். "எல்லாம் வெள்ளையாக் கிடக்கு" என்றார். "சவரிமுத்து சரியாத்தான் துப்பியிருக்கிறார்" என்றார். அதன் பிறகு வாந்தியும் வலிப்பும். மூன்றாம் நாள் இறந்தார். அதே கல்யாணத்துக்குப் போன வேறு நான்கு பேரும் இறந்தார்கள். இருவர் பார்வையை இழந்தார்கள்.

செத்த வீட்டுக்குச் சவரிமுத்து வந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. வாசலில் அவரைக் கண்டதும் எனக்குத் தெரிந்ததெல்லாம் போத்தலில் ஒட்டியிருந்த அந்தப் பெயர்தான். என் கணவரின் கைத்தடி கதவருகே சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். "நீ ருசி பார்த்த விஷமடா இது!" என்று கத்தியபடி அடித்தேன். தோளில், கையில், கட்டுப் போட்ட தாடையில். அவர் விலகவில்லை. கையைத் தூக்கித் தடுக்கவுமில்லை. தடி முறிந்த பிறகு, குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

செத்த வீட்டுச் சடங்கெல்லாம் முடிந்ததும் மருந்து அலுமாரியைத் திறந்தேன். மருந்து அரைக்கும் குழவியால் அதிலிருந்த போத்தல் எல்லாவற்றையும் அடித்தேன். எது மருந்து, எது மது என்று பார்க்கவில்லை. கை கிழிந்தது, நிறுத்தவில்லை. கடைசித் தட்டில் சிவப்பு அரக்கு வைத்த மண்ணிறப் போத்தல் இருந்தது. அதையும் அடித்தேன்.

அந்த மணம் எழுந்தது. பாணி, மரம், தோடம்பழத் தோல், புகையிலை. கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. கண்ணாடித் துண்டுகளின் நடுவே இருந்துவிட்டேன். பிறகு எழுந்து, துவைக்காமல் வைத்திருந்த என் கணவர் அந்தக் கல்யாணத்துக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து முகர்ந்தேன். கருகிய சீனி. அதற்கடியில் ஸ்பிரிட் அடுப்பின் நாற்றம். வேறொன்றுமில்லை. மது தொடாத எனக்கே இரண்டும் வேறு என்று விளங்கியது. சவரிமுத்து ஒப்பமிட்டது இதையல்ல. அட்டையும் அரக்கும் சேர்ந்த போத்தல் கழுத்து முழுசாகத் தரையில் கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பொலிஸ் முதலாளியின் வேலையாட்கள் இருவரைப் பிடித்தது. சவரிமுத்துவையும் பிடித்தது. போத்தலில் அவர் பெயர் இருந்ததே, அவர் சொல்லித்தானே தாம் கலந்தோம் என்று அவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். முதலாளிக்கு எதுவும் தெரியாதாம். மூவரையும் விளக்கமறியலில் வைத்தார்கள்.

மறுநாள் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, டாக்டர் ஐயா பெரிய மனுசர். குடிச்சிச் செத்தாருன்னு நாலு பேரு பேசக் கூடாது. நெஞ்சு வலியில போனாருன்னே இருந்துட்டுப் போவட்டும். நாங்க யாரும் ஐயா பேரைக் கோர்ட்டுல எடுக்க மாட்டோம். நீங்களும் பழைய சாமான் எதையும் கிளறாதீங்க."

அவரை நான் இருக்கச் சொல்லவில்லை. தேநீர் கொடுக்கவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

இதைத்தான் நான் எழுத வேண்டும். வழக்கு விசாரணையின் முதல் தவணைக்கு நான் நீதிமன்றம் போகவில்லை. போனால், என் கணவர் குடித்தார் என்று சொல்ல வேண்டும். மாதிரிப் போத்தல் எங்கள் மருந்து அலுமாரியில் இருந்தது என்று சொல்ல வேண்டும். குற்றமற்றவரை என் வீட்டு வாசலில் தடி முறிய அடித்தேன் என்று, என்னிடம் பிள்ளைகளை அனுப்பி இங்கிலீஷ் படிப்பிக்கச் சொன்னவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். போத்தல் கழுத்தைக் கைலேஞ்சியில் சுற்றி லாச்சியில் வைத்தேன். இரண்டு கிழமை கழித்து இரண்டாம் தவணை. அன்றும் போகவில்லை. தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் மரியா வந்தாள். அழவில்லை. உள்ளே வரவுமில்லை.

"நேத்து ராத்திரி அப்பாவ உள்ள வச்சி அடிச்சிட்டாங்கம்மா. கூட இருக்கிற ரெண்டு பேருந்தான். எல்லாப் பழியையும் ஏத்துக்கன்னு சொல்லி, தலையச் செவுத்துல மோதினாங்களாம். இப்ப மூக்குல எதுவுமே தெரியலங்கிறாரு. சவுக்காரத்தக் கொண்டுபோய்க் குடுத்தேன், மணக்கலங்கிறாரு. சோறு மண்ணு மாதிரி இருக்காம்."

பின்மண்டையில் பட்ட அடி அது. மணம் போனால் ருசியும் போய்விடும். அந்த நாக்குக்கு மிஞ்சியது உப்பும் இனிப்பும் புளிப்பும் கசப்பும் மட்டுமே. அது திரும்பவே இல்லை. இரண்டாம் தவணைக்கு நான் போயிருந்தால் அன்றே அவர் வெளியே வந்திருப்பார்.

மூன்றாம் தவணைக்குப் போனேன். வெள்ளைச் சேலை உடுத்தி, கைலேஞ்சியையும் சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினேன். முதலாளியின் ஆட்களுக்காக வந்த சட்டத்தரணி நன்றாக உடுத்திய மனிதர்.

"அம்மா ரம் குடிப்பதுண்டா?"

"இல்லை."

"அப்படியானால் ஒரு ரம்முக்கும் இன்னொரு ரம்முக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? கொன்வென்ட்டில் அதையும் படிப்பித்தார்களா?"

பின்னால் சிரித்தார்கள்.

"பொய் சொல்லக் கூடாது என்று படிப்பித்தார்கள். அதை நான் இரண்டு தவணை மறந்திருந்தேன்" என்றேன்.

போத்தல் எப்படி உடைந்தது என்று நீதவான் கேட்டார். நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில், கைதவறி உடைந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு உதவுவதாக நினைத்திருப்பார். எனக்கும் சிங்களம் தெரியும். திருத்தினேன். "கைதவறவில்லை. குழவியால் அடித்து உடைத்தேன். அதற்கு முன் இந்த மனிதரையும் அடித்தேன். இரண்டுமே பிழை. என் கணவர் குடித்துத்தான் இறந்தார். இவர் குடிக்காதே என்று சொல்லியும் குடித்தார்" என்றேன்.

நீதவான் அட்டையை வாங்கினார். முதலாளியின் ஒப்பத்தைப் பார்த்தார். "இந்த ஒரு பீப்பாய்க்கு மட்டும்" என்ற வரியை மொழிபெயர்ப்பாளரை இரண்டுதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, உடைந்த கழுத்தை மூக்கருகே கொண்டுபோனார். அடுத்து என் கணவரின் சட்டையை. முகத்தைச் சுளித்து இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, இரசாயனப் பகுப்புக்கு அனுப்பும்படி எழுதினார். சவரிமுத்து அன்றே வெளியே வந்தார். நல்லதம்பி முதலாளியை அந்தக் கிழமையே பிடித்தார்கள். அவர் மறியலுக்குப் போனது பின்னர் நடந்தது. அது உங்களுக்கெல்லாம் தெரியும்.

நீதிமன்றப் படியில் சவரிமுத்து எனக்காகக் காத்திருந்தார். தாடை கோணிப்போய் ஒட்டியிருந்தது. முன்பல் மூன்று இல்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"லேட்டா வந்தீங்கம்மா."

"ஓம்" என்றேன்.

"ரெண்டு தவணை."

"ஓம்."

"நீங்க வாசல்ல வச்சி அடிச்சது எனக்கு நோவல. அது முன்னால வந்து அடிச்சது. ஆனா பேசாம இருந்தீங்க பாருங்க, அது முதுகுல குத்துனது." ஒரு படி இறங்கினார். "ஆனா இன்னிக்கி தண்ணி கலக்காம சொன்னீங்க. அது போதும், வாங்க, பஸ்ஸு போயிரும்."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. பிறகும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காக அவர் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கையில் ஏதாவது இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் புதுத் தேயிலை, யாரோ கொடுத்த தேன், ஒருதரம் மரியாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய நெய். "மணந்து சொல்லுங்கம்மா" என்பார். நான் சொல்லுவேன். "நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? எப்படி நல்லா இருக்கு? எது மொதல்ல வருது, எது பின்னால வருது?" என்று மேசையில் அடிப்பார். ஒருநாள் என் பதில் பிடிக்காமல் கிளாஸைச் சுவரில் வீசினார். நான் துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தேன். கூட்டி அள்ளினார். நெய் கலப்படம் என்று நான் சொன்னதில் அந்தக் கல்யாணம் நின்றது. அதற்காக அவர் என்னைப் பாராட்டியதாக நினைக்காதீர்கள். "இத மணந்து சொல்ல இவ்வளவு நேரமா?" என்றார்.

என் கணவரின் நினைவுநாளில் மட்டும் வேறெதுவும் கொண்டுவரமாட்டார். "அந்தக் கழுத்து இருக்கா?" என்பார். வழக்கு முடிந்து அது என்னிடம் திரும்பி வந்திருந்தது. எடுத்து மணப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் சில வருடம் பாணி இருந்தது. பிறகு மரமும் புகையிலையும். பிறகு மரம் மட்டும். போன வருடம் நீண்டநேரம் மணந்தேன். கண்ணாடியும் அரக்கும்தான் இருந்தன. அவர் வயதான முகத்தை என் பக்கம் நீட்டிக் காத்திருந்தார். மரம் இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த வயதில் அவருக்கு அதைக் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

"போய்விட்டது" என்றேன். "ஒன்றுமில்லை."

"அப்ப சரி" என்றார். "போன வருசமே மரம்னு இழுத்து இழுத்துச் சொன்னீங்க. பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்களோன்னு நெனச்சேன்."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, என் லாச்சியில் இருக்கும் போத்தல் கழுத்து. மணம் இல்லை. அட்டையில் மூன்று ஒப்பங்கள், அவற்றில் இரண்டு இறந்தவர்களுடையவை. மற்றது, நான் பேசாதிருந்த இரண்டு தவணைகள். அவற்றை அவர் எனக்குக் கழித்துத் தரவில்லை. நானும் கழித்துக்கொள்ளவில்லை. எவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வாய் எடுக்கும்போது, அவை முன்னால் வந்து நிற்கின்றன.

அடக்கத்தன்று காலை பங்குத் தந்தை ஆள் அனுப்பியிருந்தார். அறிவித்தலில் அந்த இரண்டு பட்டங்களையும் எடுத்துவிட்டாராம். அந்த இடத்தில் வேறென்ன போடலாம் என்று கேட்டிருந்தார். முன்னால் வந்து அடிப்பவர் என்று போடச் சொன்னேன். அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். ஆகவே இங்கே எழுதினேன்.